கழுத்தைப் பார்த்த சிஞ்ஞோரா

பலேர்மோவில் எங்களுக்கு ஓர் அற்புதம் நடந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோயிலில் புதிதாக யாராவது அறிமுகமானால் மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கதை வந்துவிடும். வயதான ஒரு பெண்ணின் வாயில் ஏறியிருந்த பொல்லாத மொழி ஒன்று இறங்கிப் போன கதை. பக்கத்தில் நான் நின்றால் என்னையும் சாட்சிக்கு இழுப்பார். நான் தலையை ஆட்டுவேன். நடந்தது என்னவோ உண்மை. அதற்கு அற்புதம் என்று பெயர் வைப்பதில்தான் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை. இனிச் சொல்வதாகவும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இலங்கையில் சண்டை முடிந்த பிறகு மன்னாரிலிருந்து இத்தாலிக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பா பொலிதேயாமாப் பக்கம் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினார். இரவில் பிரான்காச்சோவில் நான்கு பேரோடு ஓர் அறையில் படுத்தார். அம்மாவும் நானும் லிபெர்த்தாவில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில், அம்மா பராமரித்த வயதான அம்மையாரின், நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைத்தவரின், வீட்டில் இருந்தோம். குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எங்களுக்கு. எங்கள் கடதாசிகள் எல்லாம் அந்த வீட்டு முகவரியில்தான் நின்றன. பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்க வேண்டிய வருடம் அது. அம்மாவின் வேலை போனால் முகவரி போகும், முகவரி போனால் பெர்மெஸ்ஸோவும் ஆட்டம் காணும். இதை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் கதவைச் சத்தமாகச் சாத்தக் கூடாது என்று எப்படித் தெரிந்ததோ, அப்படியே இதுவும் தெரிந்திருந்தது.

சிஞ்ஞோரா பிரான்சில் பிறந்தவர். பலேர்மோக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து வந்து, அவர் இறந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். நாற்பது வருடமாக லிபெர்த்தாவின் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் பல் வைத்தியர்களாகவும் வங்கி அதிகாரிகளாகவும் தொப்பையோடு திரிந்தாலும், தெருவில் அவரைக் கண்டால் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். உச்சரிப்புப் பிசகினால் மேசையில் பென்சிலால் ஒரு தட்டு விழும்.

எனக்கும் அந்தத் தட்டுக் கிடைத்திருக்கிறது, பிரெஞ்சுக்காக அல்ல. கூடத்தில் நின்று அம்மாவோடு தமிழில் கதைத்தால் கிடைக்கும். குசினிக்குள் என்ன மொழியும் பேசலாம், கூடத்தில் கூடாது என்பது அவருடைய சட்டம். அதைக் கோபமாகச் சொல்ல மாட்டார். யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பதுபோல வாசல் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் தட்டுவார். மற்றபடி நல்ல மனுஷி. எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற நீல அங்கியைத் தன் கையால் தைத்துத் தந்தவர்.

வெயில் தொடங்கிய நாட்களில் ஒரு காலை அவர் கட்டிலிலிருந்து எழும்பவில்லை. மூளையில் இரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை தொங்கியது. வாயில் ஒரு சொல்லும் இல்லை. இத்தாலியனும் போய்விட்டது, அவ்வளவு கட்டிக் காத்த பிரெஞ்சும் போய்விட்டது. அம்மா கரண்டியால் சூப் ஊட்டுவார். அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்குவார். சொற்கள் மெல்ல மெல்லத் திரும்பி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்தச் சொற்கள் என்று அவர் சொல்லவில்லை.

அது ஒரு சிரொக்கோ நாள். ஆபிரிக்காப் பக்கமிருந்து அந்தச் சூட்டுக் காற்று வீசினால் பலேர்மோவில் யன்னல் பலகைகளை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே இருந்துவிடுவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கே வீட்டுக்குள் இருட்டாக இருக்கும். அம்மா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தார். நான் நடையில், குளிர்ந்த தரையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அப்போது சிஞ்ஞோராவின் அறைக்குள் ஒரு சிறுமி பேசினாள்.

என் வயதுச் சிறுமியின் குரல். எனக்குத் தெரியாத மொழி. ஏதோ கேட்டாள், தானே சிரித்தாள், பிறகு குரலைத் தாழ்த்தி யாருக்கோ ரகசியம் சொன்னாள். விளையாட ஆள் வந்துவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். எழும்பிப் போய்க் கதவைத் தள்ளினேன். அறையில் சிஞ்ஞோராவைத் தவிர யாரும் இல்லை. தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த அந்தச் சுருங்கிய வாயிலிருந்துதான் அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் குரல் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார். சட்டைக்குள் ஏதாவது கிடக்கிறதா என்று தேடுகிற பார்வை அது. ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகு மூச்சு விட்டு, அதே சின்னக் குரலில் என்னோடு கதைக்கத் தொடங்கினார். எத்தனை படி ஏறினேன் என்று தெரியாது, மொட்டை மாடியில் அம்மாவின் பாவாடையைப் பிடித்தபடி நின்றேன்.

அம்மா வந்து கேட்டார். கேட்டுவிட்டு, பின்பக்கமாகவே நடந்து அறையை விட்டு வெளியே வந்தார்.

"இது அவான்ர குரலில்லை. ஆரோ ஒரு பெட்டை உள்ளுக்கை இருந்து கதைக்கிறாள். பிள்ளை, நீ அங்கை தனியப் போகாதை" என்றார்.

அம்மா பயந்த சுபாவம் உள்ளவர் அல்ல. குண்டு விழுந்த ஊர்களைக் கால்நடையாகக் கடந்து வந்தவர். முகாமில், வாசிக்கத் தெரியாத சிங்களக் கடதாசியில் கைநாட்டுப் போல ஒரு கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தவர். ஆனால் வெள்ளைக்கார உடம்பில் ஏறிய பேயை எப்படிக் கையாள்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த அப்பாவிடம் முறையிட்டபோது அவர் சிரித்தார்.

"நீர் பயப்பிடாதையும். இஞ்சை பேயெண்டாலும் பெர்மெஸ்ஸோ இல்லாமல் கனநாள் நிக்கேலாது."

அம்மா சிரிக்கவில்லை. மன்னாரிலிருந்து கொண்டு வந்த மடு மாதா கோயில் மண் ஒரு சின்னப் பொட்டலத்தில் இருந்தது. பாம்புக்கடிக்கே கேட்கிற மண் அது. அதில் ஒரு சிட்டிகையை எடுத்துச் சிஞ்ஞோராவின் நெற்றியில் பூசினார். தீர்த்தம் தெளித்தார். சிஞ்ஞோரா நாக்கை நீட்டித் தீர்த்தத்தின் ஒரு சொட்டை நக்கிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக "தூர்" என்றார். அந்த மொழியில் எனக்குப் பிடிபட்ட முதல் சொல் அதுதான். தண்ணீர்.

பிறகு நான் பயத்தோடேயே போய்ப் போய்க் கேட்டேன். பயமும் ஆசையும் ஒன்றாக இருக்கிற வயது. பாரா என்றால் பாண், அதாவது ரொட்டி. மூன்றாவதாக எர்கேர் என்றொரு சொல் இருந்தது. நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டு, ஒரு நாளைக்கு இருபது தரமாவது சொல்வார். அதற்கு எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடியும் எர்கேர் என்பார். போர்வையையும் தலையணையையும் கொடுத்துப் பார்த்து, கடைசியில் பூனைப் படம் போட்ட என் பென்சில் பெட்டியையும் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் அது இல்லை.

இரண்டு விஷயங்கள் எப்போதும் மாறாமல் நடந்தன. கட்டடத்தின் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால், பேச்சு நடுச் சொல்லில் அறுந்துவிடும். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, நேராக நிமிர்ந்து, மூச்சுவிடாமல் இருப்பார். சத்தம் மேல் மாடிக்குப் போன பிறகுதான் அந்தச் சிறுமி திரும்பி வருவாள். மற்றது, ஒவ்வொரு முறை நான் உள்ளே போகும்போதும் என் கழுத்தைப் பார்ப்பது. ஒருநாள் வீட்டுக் கதவின் திறப்பை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனேன். கண்டதும் உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டார். அன்று முழுவதும் ஒரு சொல்லும் வரவில்லை. மறுநாள் வெறுங் கழுத்தோடு போனபோது பேசினார்.

சிஞ்ஞோராவின் மகன் வழக்கறிஞர். வாரத்துக்கு இரண்டு தரம், வாசனைத் தைலம் மணக்க வருவார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தாய் தன்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறாள் என்று குசினியில் அம்மாவுக்கு முன்னால் நின்று அழுதவர் அவர். தாய் எங்களோடு பேசுகிறார் என்று அம்மா சொன்னபோது, வாசலில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, அது மொழி அல்ல, அடிபட்ட மூளை உமிழ்கிற சத்தம், தன் தாய் பிரெஞ்சுக்காரி, பிரெஞ்சோ இத்தாலியனோ அல்லாத எதையும் அவர் வாயில் தான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை என்றார். அது உண்மைதான். அவர் கேட்டதே இல்லை.

அவர் நீதிமன்றத்துக்கு எழுதியிருந்தார். தாயின் காரியங்களைத் தன் பொறுப்பில் விட வேண்டும், தாயை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும், வீட்டை விற்க வேண்டும். இங்கே அப்படிச் சும்மா செய்துவிட முடியாது. நீதிபதி நேரில் வந்து, சம்பந்தப்பட்டவரின் வாயாலேயே விருப்பத்தைக் கேட்க வேண்டும். "வீட்டிலேயே இருக்கிறேன் என்று அம்மா தன் வாயால் சொன்னால் நான் விட்டுவிடுகிறேன்" என்று அவரே அம்மாவிடம் சொன்னார். சிஞ்ஞோரா ஒரு சொல் சொன்னால் நாங்கள் இருப்போம். சொல்லாவிட்டால் போக வேண்டும். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அறிவித்தல் வந்தது.

அந்தக் கிழமை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பயம் இப்போது வேறு மாதிரி ஆகியிருந்தது. நீதிபதி வரும் நேரத்தில் அந்தப் பெட்டை வாய் திறந்தால், மனுஷிக்கு விசர் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பேய் இறங்க வேண்டும், பிரெஞ்சு திரும்பி வர வேண்டும். அதுவும் வியாழனுக்குள்.

அம்மாவுக்கு வழி காட்டியது நான்தான்.

கொஞ்ச நாளைக்கு முன்பு, சிஞ்ஞோராவின் அலுமாரியின் கீழ் லாச்சியை நான் கிளறியிருந்தேன். சும்மாதான். அதற்குள் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒரு செபமாலை, முதல் நற்கருணை நாளில் கொடுக்கிற புதுநன்மைப் படம் ஒன்று, லேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு மரத்துண்டு. தீப்பெட்டி அளவு இருக்கும். நடுவில் துளைபோட்டு நூல் கோத்திருந்தது. எத்தனையோ கைபட்டுக் கறுத்து, விளிம்பெல்லாம் மழுங்கிய கட்டை. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் பேச்சு நின்றுவிட்டதைக் கவனித்தேன். திரும்பினேன். சிஞ்ஞோரா தன் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். கண்கள் பெரிதாக இருந்தன. நான் அதை இருந்த இடத்தில் வைத்து லாச்சியைச் சாத்தினேன். லாச்சி கிளறியது தெரிந்தால் அடி விழும் என்பதால் அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை பின்னேரம் அம்மா குசினிக்குள் கதிரையில் இருந்து, கையில் செபமாலையோடு அழுதுகொண்டிருந்தார். அவர் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று வந்தது.

"அம்மா, சிஞ்ஞோரான்ர லாச்சிக்குள்ளை ஒரு உத்தரியம் கிடக்கு. மரத்திலை செய்தது. லேஞ்சியிலை சுத்தி செபமாலையோடை வைச்சிருக்கிறா."

எங்கள் வேதக்காரருக்கு உத்தரியம் என்றால் கழுத்தில் தொங்க வேண்டிய காப்பு. துணியில் செய்வது வழக்கம். மரத்தில் என்றால் இன்னும் பெரிய விஷயமாக இருக்கலாம், ஏதோ ஒரு புனிதரின் கட்டிலில் வெட்டியதாகக்கூட இருக்கலாம். அம்மா போய் லேஞ்சியை அவிழ்த்துப் பார்த்தார். கண்ணில் ஒற்றி முத்தமிட்டார். சிஞ்ஞோரா வாயைப் பொத்தியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேனா என்றுகூட இப்போது நிச்சயமில்லை.

வியாழன் காலை என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டு, சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, சாம்பல் நிற உடுப்பு உடுத்தி, கூடத்தில் நாற்காலியில் இருத்தினார் அம்மா. சிறுமி நல்ல உற்சாகத்தில் இருந்தாள். எர்கேர், எர்கேர் என்று நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். ஒன்பதரை மணிக்கு அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, பின்னாலிருந்து அந்த மரத்துண்டைச் சிஞ்ஞோராவின் தலைக்கு மேலாக இறக்கிக் கழுத்தில் போட்டார்.

பேச்சு நின்றது. நடு எர்கேரில் நின்றது. சிஞ்ஞோரா குனிந்து தன் நெஞ்சில் கிடந்த கட்டையைப் பார்த்தார். ஒரு பெரிய மனுஷியின் உடம்பு அந்த அளவுக்குச் சின்னதாக முடியும் என்று நான் அன்றுதான் கண்டேன். தோள்கள் உள்ளே போயின. வெயில் பிளந்துகொண்டிருந்த நாளில் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மாதாவே, இறங்கிட்டுது" என்று அம்மா முழங்காலில் விழுந்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நானும் முழங்காலில் நின்றேன். அம்மா சந்தோஷப்படுகிறார் என்பதால் நானும் சந்தோஷப்பட்டேன். எனக்குள் ஏதோ ஒன்று மட்டும் சந்தோஷப்பட மாட்டேன் என்று நின்றது.

பத்து மணிக்கு வந்தார்கள். நீதிபதி ஒரு பெண், மூக்குக் கண்ணாடியும் மென்மையான குரலும் உள்ளவர். மகன் பக்கத்தில் நின்றார். நீதிமன்றக் கோப்பில் தாய்மொழி என்ற கட்டத்தில் பிரெஞ்சு என்று எழுதியிருந்ததால், பட்டியலிலிருந்து பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். உயரமான மனிதர், கறுப்புச் சூட், கையில் தோல் பை, நடக்கும்போது கூடத்தின் கல் தரையில் டக் டக் என்று கேட்கிற சப்பாத்து. அவர் சிஞ்ஞோராவுக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்று, தெளிவான, உரத்த பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். இந்த வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா?

சிஞ்ஞோரா அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, இடது கையால் தொங்கிய வலது கையைத் தூக்கி, உள்ளங்கை மேலே தெரியும்படி மடியில் வைத்து விரல்களை விரித்துவிட்டார். அதன் பக்கத்தில் இடது கையையும் அப்படியே விரித்து நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் கேட்டார், இன்னும் உரக்க. விரித்த கைகள் மடங்கவில்லை.

"கும்பிடுறா" என்று அம்மா என் காதுக்குள் சொன்னார். "பூசையிலை நன்மை வாங்க நீட்டுற மாதிரி நீட்டுறா பார்."

அது கும்பிடுவது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூடத்தில் தமிழ் கூடாது என்ற சட்டத்தை மறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன்:

"இல்லையம்மா, அவா பயப்பிடுறா!"

சிஞ்ஞோரா கண்ணைத் திறந்தார். என் பக்கம் திரும்பினார். முதல்முறையாக அவர் என் கழுத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படி எழுதுவது. இடது கையால் நூலைப் பிடித்து ஒரே இழுப்பில் தலைக்கு மேலாகக் கழற்றினார். நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, நூல் பிடித்த கையாலேயே என் தோளைப் பற்றி இழுத்து, அந்த மரத்துண்டை என் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு, கறுப்புச் சூட்காரரை நிமிர்ந்து பார்த்து, என்னைச் சுட்டிக்காட்டி, பழைய பென்சில் தட்டுக் காலத்து உச்சரிப்பில், ஒரு எழுத்தும் பிசகாத பிரெஞ்சில் சொன்னார்:

"இவள்தான், ஐயா."

மொழிபெயர்ப்பாளர் அதை இத்தாலியனில் சொன்னார். மகனுக்குக் கண் கலங்கியது. நீதிபதி புன்னகை செய்து என் தலையைத் தடவினார். பிள்ளையின்மேல் பாசம் தெரிகிறது, ஆனால் கேட்ட கேள்விக்கு விருப்பம் எதையும் தெரிவிக்க முடியாத நிலை என்று எழுதிக்கொண்டார். அதன் பிறகு எத்தனை தரம் கேட்டும் சிஞ்ஞோரா வாய் திறக்கவில்லை. கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளைபோல, நேராக இருந்தார்.

அந்த மாதமே அவரை மலைப் பக்கம் ஓர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த மாரிக்குள் இறந்துபோனார். நாங்கள் அப்பாவின் அறைக்குப் பக்கத்தில், பிரான்காச்சோவில், தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் ஒண்டிக்கொண்டோம். அம்மாவுக்கு வேறு வேலை கிடைத்து, கடதாசிகள் ஒழுங்காகி, நிமிர்ந்து மூச்சுவிட ஒன்றரை வருடம் சென்றது. அந்த ஒன்றரை வருடமும் அம்மா அற்புதத்தைக் குறை சொல்லவில்லை. பேய் இறங்கியதா, இறங்கியது. பிரெஞ்சு திரும்பி வந்ததா, எல்லோர் காதிலும் கேட்டது. நீதிபதிக்கு விளங்காவிட்டால் மாதா என்ன செய்வா? "சாகப்போற மனுஷி தன்ர காப்பைக் கழட்டி என்ர பிள்ளைக்குத் தந்தவா" என்று ஊரெல்லாம் சொன்னார். நான் அதைப் புதுநன்மை வாங்கிய அன்று வெள்ளை உடுப்புக்குள் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூட அங்கிக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் அம்மா உரத்துத் தமிழில் கதைக்கும்போது நான் இத்தாலியனில் மறுமொழி சொல்லத் தொடங்கியதும் அந்த வருடம்தான். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

நான் இப்போது மொழிபெயர்ப்பாளர். தாய்மொழி என்ற கட்டத்தை நிரப்புகிறவள். அந்த வேலைக்குப் படித்தபோது பிரெஞ்சும் அதன் பக்கத்தில் இருந்த பிராந்திய மொழிகளும் சட்டத்தில் என்னவாக இருந்தன என்று ஒரு பாடம் வந்தது. நித்திரை வருகிற பாடம். ஓர் அரசன் நீதிமன்றக் கடதாசிகள் எல்லாம் பிரெஞ்சுத் தாய்மொழியில்தான் இருக்க வேண்டும், வேறெதிலும் கூடாது என்று கட்டளை போட்டான். லத்தீனைத் துரத்தத்தான் போட்டான் என்கிறார்கள். பக்கத்தில் நின்ற பிரெத்தோன், பாஸ்க், ஒக்சித்தான் எல்லாம் சேர்ந்து மாட்டுப்பட்டன. அரசனின் மற்ற எல்லாவற்றையும் தூக்கி எறிந்த புரட்சிக்காரர்கள் இதை மட்டும் இன்னும் இறுக்கினார்கள். பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத ஒரு வழக்கம் அங்கே இருந்தது என்று சொல்லி, விரிவுரையாளர் சுவரில் ஒரு படத்தைப் போட்டார்.

நூலில் கோத்த ஒரு மரத்துண்டு.

பிரான்சின் மேற்குக் கரையில், பிரெத்தாஞ் பகுதியில், வீட்டு மொழியான பிரெத்தோனில் பேசிப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் ஆசிரியர் அதைப் போடுவாராம். அதைக் கழற்ற ஒரே வழிதான். அந்த மொழியில் பேசுகிற இன்னொரு பிள்ளையைப் பிடித்து, ஆசிரியருக்குக் காட்டிக்கொடுத்து, அதன் கழுத்தில் போட்டுவிட வேண்டும். ஆகவே கழுத்தில் கட்டை உள்ளவளுக்கு முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் கழுத்தைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் விடும்போது அது யாரிடம் இருக்கிறதோ, அந்தப் பிள்ளை அடி வாங்க இரண்டு கையையும் நீட்ட வேண்டும்.

விரிவுரை மேலும் போனது. பிந்தி ஒரு சட்டம் அந்த மொழிகளில் சிலவற்றைப் பள்ளியில் கொஞ்ச நேரம் படிக்க அனுமதித்தது; பிந்தி, குடியரசின் மொழி பிரெஞ்சு என்று அரசியலமைப்பில் ஒரு வரி ஏறியது; இன்னும் பிந்தி, பிராந்திய மொழிகள் நாட்டின் மரபுச் சொத்து என்று இன்னொரு வரி ஏறியது. அந்த மொழியிலேயே எல்லாப் பாடத்தையும் நடத்தலாம் என்று சட்டம் கொண்டுவந்தபோது, அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். மரபுச் சொத்துத்தானே, லாச்சிக்குள் பத்திரமாக இருக்கட்டும். நான் குறிப்பு எடுக்கவில்லை. பிரெத்தோன் அகராதி ஒன்றைத் தேடி, தண்ணீரையும் பாணையும் சரிபார்த்தேன். பிறகு எர்கேரைத் தேடினேன். 'வீட்டில்' என்று இருந்தது. அவர் எந்த வீட்டைச் சொன்னார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீதிபதி கேட்ட கேள்விக்கு மறுமொழி, அந்தக் காலை ஒன்பதரை மணிவரை அந்தக் கூடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

மரத்துண்டு இப்போதும் இருக்கிறது. அம்மாவின் சுரூபத் தட்டில், மடு மண்ணுக்குப் பக்கத்தில், முன்னால் ஒரு சின்ன மின்சார மெழுகுதிரி எரிய இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் முத்தமிடுகிறார். நான் எப்படிச் சொல்வேன். அது வேலை செய்தது என்று அவர் நம்புவது சரிதானே. எந்த வேலைக்கென்று வெட்டினார்களோ, அந்த வேலையை அது அன்று ஒரு குறையும் இல்லாமல் செய்தது.

சிஞ்ஞோராவின்மேல் எனக்குக் கோபம் இல்லை. தொண்ணூறு வயதுப் பெண் யாரும் எனக்கு எதுவும் செய்யவில்லை. என் வயதுப் பிள்ளை ஒருத்தி, அடிக்குப் பயந்து, என்னை மாட்டிவிட்டாள். என் இடத்தில் அவள் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த வியாழன் பின்னேரம் அப்பா, நீதிபதி என்ன சொன்னார் என்று கேட்க வேலைத்தலத்திலிருந்து ஓடி வந்தார். நான் லிப்ட் வாசலுக்கே போய், சட்டைக்குள் கிடந்த கட்டையை வெளியே இழுத்துக் காட்டினேன். "எனக்குத்தான் தந்தவா" என்றேன். வெயில் இறங்கி, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பின்னேர வகுப்புப் பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே வருகிற நேரம். அந்த நேரத்தில் அது யாருடைய கழுத்தில் கிடக்கிறது என்பதுதான் முழு விஷயமும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.